பேனாவில் போட்ட வட்டம்

இரவு இரண்டரை மணிக்கு வீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்க, நான் மட்டும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ஃப்ரிட்ஜில் வைத்திருந்த சில்வர் டம்ளரை முழங்கையின் உட்பக்கம் அழுத்திக்கொண்டிருப்பேன். மூன்று டம்ளர் வைத்திருந்தேன். ஒன்று உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பானதும் அதை உள்ளே வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பேன். அரிப்பு முதுகில் வந்துவிட்டால் டம்ளர் எட்டாது, நைட்டியைத் தோள் வரைக்கும் இறக்கிவிட்டு மொசைக் தரையில் அப்படியே மல்லாந்து படுத்துவிடுவேன். அந்தக் குளிர்ச்சி பத்து நிமிஷம் தாங்கும். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் எழுந்து வந்ததே.

இந்த அரிப்பும் தடிப்பும் 2021 ஆடி மாதம் ஆரம்பித்தது. முதல் நாள் இடுப்பில், பாவாடை நாடா கட்டுகிற இடத்தில், அந்த நாடா போகிற வழியிலேயே ஒரு கோடு போலத் தடித்திருந்தது. இறுக்கிக் கட்டிவிட்டேன் போல என்று விட்டுவிட்டேன். மறுநாள் தொடை, அதற்கடுத்த நாள் தோளில் ஹேண்ட்பேக் வார் தொங்குகிற இடம், அப்புறம் உள்ளங்கால். உள்ளங்கால் அரிப்பு மாதிரி ஒரு கொடுமை கிடையாது. ஆபீஸில் செருப்பைக் கழற்றி மேஜைக் காலில் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே கணக்கு எழுதியிருக்கிறேன்.

எங்கள் பக்கம் இதற்குக் காணாக்கடி என்று பெயர். என்னமோ கடித்திருக்கிறது, ஆனால் என்னவென்று கண்ணால் பார்க்கவில்லை. ஆச்சி இருந்திருந்தால் வெற்றிலையில் மிளகை மடித்துக் கொடுத்து மெல்லச் சொல்லி, உடம்பெல்லாம் திருநீறு பூசியிருப்பாள். ஆச்சி இல்லாத குறைக்கு அம்மா போனில் தினமும் கேட்டாள், "நேத்து என்ன சாப்பிட்ட?" மதுரையில் எங்கள் தெருவிலும் அதே கேள்விதான். கத்தரிக்காய் சாப்பிட்டாயா, கருவாடா, இறாலா, அதெல்லாம் கரப்பான் பண்டம் ஆச்சே, தெரியாதா? எதிர்வீட்டு அக்கா ரத்தம் கெட்டுப்போச்சு என்றார். இன்னொருவர் அம்மை போட்டிருக்கிறது, வேப்பிலை கட்டுங்கள் என்றார். எல்லாரும் அக்கறையில்தான் சொன்னார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியை நாளைக்கு நாலு பேர் கேட்டால், இது நானே வரவழைத்துக்கொண்ட வியாதி என்ற எண்ணம் மெல்ல உள்ளே ஊறிவிடுகிறது.

நானும் தேடத் தொடங்கினேன். கத்தரிக்காயை நிறுத்தினேன். கருவாடு, நண்டு, இறால், முட்டை, தக்காளி, நிலக்கடலை, பால், கடைசியில் உளுந்து வரைக்கும் போனது. இட்லி இல்லாத வீட்டில் காலையில் என்னதான் செய்வது? சோப்பை மாற்றினேன், துணி துவைக்கிற பவுடரை மாற்றினேன், தலையணையை மாற்றினேன், பூ வைப்பதை விட்டேன். ஐந்தாயிரத்துக்கு மேல் கொடுத்து ரத்தத்தில் அலர்ஜி டெஸ்ட் எடுத்தேன். ஒரு பெரிய பட்டியல் வந்தது, அதில் அரிசிக்கு நேராகக்கூட ஒரு குறி இருந்தது. அன்று ராத்திரி அந்தத் தாளை வைத்துக்கொண்டு அழுதது ஞாபகம் இருக்கிறது. எதை நிறுத்தினாலும் நாலு நாள் நன்றாக இருக்கும், கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைப்பேன், ஐந்தாம் நாள் வந்துவிடும்.

இன்னொரு கஷ்டம், இது சாயங்காலம் வரும், காலையில் டாக்டரிடம் போகும்போது தோல் மழமழவென்று இருக்கும். ஒன்றுமே இல்லையே அம்மா என்பார்கள். வந்திருக்கும்போதே ஓடினாலும், மாநிறமான என் கையில் அது புத்தகத்தில் போட்ட படம் மாதிரிச் சிவப்பாகத் தெரியாது, தோல் நிறத்திலேயே மேடு மேடாக எழும்பியிருக்கும். தடவிப் பார்த்தால்தான் தெரியும். அதனால் புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்கிற முதல் விஷயம் இதுதான்: வந்தவுடன் போனில் படம் எடுத்து வையுங்கள், பக்கவாட்டில் வெளிச்சம் விழுகிற மாதிரி, மேடு தெரிகிற மாதிரி.

பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டே நாளில் சுத்தமாகப் போய்விட்டது. கைராசிக்காரர் என்று நாலு பேரிடம் சொன்னேன். நிறுத்தியதும் முன்பைவிட இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. மறுபடி அதே மாத்திரை, மறுபடி அதே கதை, இப்படி மூன்று தடவை. முகம் வீங்கியது, சர்க்கரை ஏறியது. ரொம்ப முற்றிய சமயத்தில் சில நாளுக்கு அது தேவைப்படலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் மாதக்கணக்கில் தின்கிற மருந்து அது இல்லை என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து வைத்த அன்று மேலுதடு வீங்கிவிட்டது. பந்தியில் உட்காரும்போது லேசாகக் குறுகுறுத்தது, ரசம் ஊற்றும் நேரத்தில் உதடு மூக்கைத் தொடுகிற அளவுக்கு உப்பிவிட்டது. போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள், நான் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி என் கையைப் பார்த்துவிட்டு எழுந்து வேறு சீட்டுக்குப் போனார். அவரைக் குறை சொல்லவில்லை, ஒட்டுவாரொட்டி என்று பயந்திருப்பார். ஒட்டாது. தொட்டாலும், ஒரே துண்டைப் பயன்படுத்தினாலும், பக்கத்தில் படுத்தாலும் இது ஒட்டவே ஒட்டாது. என் மகள் எட்டு வயது வரை என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள்.

2023-ல் பார்த்த தோல் டாக்டர்தான் முதன்முதலில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை. ஒரு தடிப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எப்போதும் உடம்பில் எங்காவது இருந்துகொண்டே இருக்கிறதே, அதில் எது பழசு, எது புதுசு? "வீட்டுக்குப் போய் ஒரு தடிப்பைச் சுற்றி பால்பாயிண்ட் பேனாவால் வட்டம் போடுங்க. பக்கத்தில் நேரத்தை எழுதுங்க. 24 மணி நேரத்தில் அது அங்கேயே இருக்கா, கன்னிப்போன மாதிரித் தழும்பு விடுதான்னு பார்த்துட்டு வாங்க" என்றார்.

அன்று சாயங்காலம் ஆறேகாலுக்கு மகள் நீலப் பேனாவை எடுத்துக்கொண்டு வந்தாள். என் இடது முன்கையில் மூன்று, தொடையில் இரண்டு. கணக்கு நோட்டில் படம் வரைகிற கவனத்தோடு ஓரத்தை ஒட்டியே போனாள், ஒன்று வட்டமாக வராமல் இலங்கை மாதிரி வந்தது, "அம்மா ஆடாத" என்று அதட்டினாள். காலையில் எழுந்து பார்த்தால் ஐந்து கோடும் அப்படியே இருந்தன, உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் தோல். தடிப்பெல்லாம் வட்டத்துக்கு வெளியே, புது இடத்தில். ஒரு சுவடுகூட விடாமல் எழுந்து போயிருந்தது. இரண்டு வருஷமாக என் உடம்பில் நடந்துகொண்டிருந்ததை அன்றுதான் நான் உட்கார்ந்து பார்த்தேன்.

ஒரு நாளைக்கு மேல் ஒரே இடத்தில் நின்று, வலியெடுத்து, கன்னிப்போன கறை விட்டால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், தோலில் சின்னத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். எனக்கு அப்படி இல்லை. ஆறு வாரத்துக்கு மேல் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால், அதற்கு வெளியிலிருந்து ஒரு காரணமும் பிடிபடவில்லை என்றால், அது தானாக வருகிற நாள்பட்ட அர்டிகேரியா. நெட்டில் என்ற அரிப்புச் செடியின் லத்தீன் பெயரிலிருந்து வந்த சொல். நம் ஊர் செந்தட்டியில் கால் பட்டால் எப்படித் தடிக்குமோ அதே தடிப்பு, செடி மட்டும் இல்லை. காணாக்கடி என்று பெயர் வைத்தவர்களும் இதையேதான் பார்த்திருக்கிறார்கள்.

தோலுக்கு அடியில் மாஸ்ட் செல் என்று ஒரு வகைச் செல் இருக்கிறது. 1878-ல் பால் எர்லிக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது உள்ளே மணி மணியாக நிறைந்திருந்ததால், நன்றாகத் தின்று கொழுத்த செல் என்ற பொருளில் இந்தப் பெயரை வைத்தார். அந்த மணிகளுக்குள்தான் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. செல் அதை வெளியே கொட்டினால் சின்ன ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து தோல் மேடாகிறது, நரம்பு சீண்டப்பட்டு அரிக்கிறது. கசிவு ஆழத்தில் நடந்தால் உதடு, கண் இமை வீங்குகிறது. கொசு கடித்தாலும் இதுதான் நடக்கும். எங்களைப் போன்ற பலருக்கு உடம்பே தனக்கு எதிராகத் தயாரிக்கும் எதிர்ப்புப் புரதங்கள் அந்தச் செல்லைக் குத்திக் கிளப்பிவிடுகின்றன. தைராய்டு நோய் எதிர்ப்புக் கோளாறும் கூடவே இருப்பதுண்டு. எனக்கும் தைராய்டு எதிர்ப்புப் புரதம் கூடுதலாக இருந்தது, சுரப்பி மட்டும் இப்போதைக்குச் சரியாக வேலை செய்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறதாம்.

அதாவது, கத்தரிக்காய் இல்லை. உளுந்து இல்லை. என் ரத்தம் கெட்டுப்போகவும் இல்லை. உணவு அலர்ஜி என்று ஒன்று இருக்கிறதுதான், அது பெரும்பாலும் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள், சாப்பிடும்போதெல்லாம் வரும். தினமும் காரணமில்லாமல் வருகிற இந்த வகைக்குச் சாப்பாட்டில் குற்றவாளியைத் தேடி நான் இரண்டு வருஷத்தைத் தொலைத்திருக்கிறேன். ஏழு கிலோவும் போயிருக்கிறது. கிளப்பிவிடுகிற விஷயம் ஒன்றே ஒன்று உண்மையில் கிடைத்தது, அதை யாருமே சந்தேகப்படவில்லை: மாதவிலக்கு வலிக்கு நான் போட்டுக்கொண்டிருந்த மெஃபெனமிக் அமில மாத்திரை. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் என்று அந்தக் குடும்ப வலி மாத்திரைகள் இந்த நோய் உள்ள சிலருக்குத் தடிப்பைக் கூட்டிவிடும். டாக்டர் அதை நிறுத்தி பாராசிட்டமால் போட்டுக்கொள்ளச் சொன்னார். மாதத்தில் அந்த மூன்று நாள் ஏன் அவ்வளவு மோசமாக இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

மருந்து என்று பார்த்தால், தூக்கம் தராத புதிய தலைமுறை அலர்ஜி மாத்திரைதான். நான் செய்துகொண்டிருந்த தப்பு, அரிக்கும்போது மட்டும் போட்டது. செல் ஹிஸ்டமினைக் கொட்டி முடித்த பிறகு மாத்திரை போட்டு என்ன பயன்? அரித்தாலும் அரிக்காவிட்டாலும் தினமும் போட வேண்டும். எனக்கு பிலாஸ்டின் 20 மில்லிகிராம் கொடுத்தார், வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு. ஒன்று போதவில்லை, இரண்டாக்கினார். நான்கு மடங்கு வரை ஏற்றலாம் என்று மருத்துவ வழிகாட்டுதல் இருக்கிறது, ஆனால் அது டாக்டர் பார்த்து ஏற்ற வேண்டியது, நாமாக மெடிக்கலில் வாங்கி விழுங்குவது அல்ல. அதிலும் அடங்காதவர்களுக்கு ஓமலிசுமாப் என்ற ஊசி இருக்கிறது, நாலு வாரத்துக்கு ஒரு முறை 300 மில்லிகிராம். என்னோடு வராந்தாவில் காத்திருந்த ஒரு பெண் அதைப் போட்டுக்கொள்கிறார், முதல் ஊசியிலேயே ராத்திரி தூங்கினேன் என்றார். விலைதான் மலைப்பாக இருக்கிறது.

நாக்கு வீங்கினாலோ, தொண்டை அடைத்தாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றினாலோ மாத்திரை, வெற்றிலை, மிளகு எதற்கும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அது வேறு விஷயம்.

டாக்டர் கணக்கு எழுதச் சொன்னார். நான் சமையலறை தினசரிக் காலண்டர் தாளின் ஓரத்தில் எழுதினேன், நல்ல நேரத்துக்குப் பக்கத்தில். தடிப்புக்கு 0 முதல் 3, அரிப்புக்கு 0 முதல் 3. ஏழு நாள் கூட்டினால் அதிகபட்சம் 42. முதல் வாரம் எனக்கு 31. கிழித்த தாளைத் தூக்கிப் போடாமல் கிளிப்பில் சேர்த்து வைத்தேன். இரண்டு மாத்திரை ஆன பிறகு வாரக் கணக்கு 9-க்கு வந்தது. இப்போது 2, 3, சில வாரம் 0. இன்னும் குணமாகவில்லை, மாத்திரை போடுவதால் அடங்கியிருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குச் சில வருஷங்களில் தானாகவே விட்டுவிடும், சிலருக்கு நீளும். எனக்கு எப்போது என்று தெரியாது. அந்தத் தேதியை எதிர்பார்த்து உட்காருவதையும் நிறுத்திவிட்டேன்.

போன மாதம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். நான் நெத்திலிக் கருவாடு வாங்கி வந்து, கத்தரிக்காய் போட்டு, புளி கொஞ்சம் தூக்கலாகக் குழம்பு வைத்தேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு. அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலண்டரில் 0, 0. அதற்கு மறுநாள் சாயங்காலம் முன்கையில் நாலைந்து தடிப்பு வந்தது. 1, 1 என்று எழுதினேன்.

"கருவாடுதான்டி" என்றாள் அம்மா.

"இல்லம்மா" என்றேன். மகளைப் பேனா எடுத்து வரச் சொன்னேன். அம்மாவே வட்டம் போட்டாள், கை கொஞ்சம் நடுங்கியது. காலையில் காபி கொண்டு வந்தவள் என் கையைத் திருப்பி, வெறும் வட்டத்துக்குள் விரலை வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் குழம்பு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. இரண்டு பேரும் மத்தியானம் அதையே சூடு பண்ணிச் சாப்பிட்டோம்.