வீட்டுக்குப் போகும் வழியில் வரும் ஞாபகம்

மார்ச் 4

"பரீட்சை ஹால்ல ஒண்ணுமே வரல மிஸ். வீட்டுக்குப் போற வழியில எல்லாம் ஞாபகம் வந்துருச்சு." இன்று ஒரு மாணவி சொன்னது இது. சரியாகப் படிக்கவில்லை என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிடலாம். படிக்காதது எப்படி வழியில் ஞாபகத்துக்கு வரும்?

1998-இல் ஆய்வாளர் டொமினிக் டி கெர்வைன் குழுவினர் எலிகளிடம் இதையே பார்த்தார்கள். நீருக்கடியில் இருக்கும் மேடையைக் கண்டுபிடிக்க எலிகள் முன்பே பழகியிருந்தன. சோதனைக்கு 30 நிமிடம் முன்பு காலில் லேசான மின்னதிர்ச்சி கொடுத்தால் மேடை இருக்கும் இடம் மறந்துபோனது. 2 நிமிடம் முன்போ 4 மணி நேரம் முன்போ கொடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. மன அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன் மெதுவாக ஏறி, அரை மணி நேரத்தில் உச்சத்தில் இருக்கிறது, அப்புறம் இறங்கிவிடுகிறது. அந்த ஹார்மோன் சுரப்பதை மருந்தால் தடுத்தபோது மறதியும் இல்லை. பதிந்தது அழியவில்லை, எடுக்கத்தான் முடியவில்லை.

மார்ச் 5

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னேன். "பயம் இருந்தாதான் படிப்பு ஏறும்" என்றார் ஒருவர். அவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் சிக்கல்.

கற்றது உடனே நிலைத்துவிடுவதில்லை, உறுதிப்பட நேரம் எடுக்கும் என்று 1900-லேயே முல்லரும் பில்செக்கரும் எழுதிவிட்டார்கள். அந்த நேரத்தில் வரும் பதற்றம் நினைவைப் பலப்படுத்தும். மூளையில் பயத்தைக் கையாளும் அமிக்டலா தூண்டப்பட்டு, நினைவைச் சேர்க்கும் ஹிப்போகாம்பஸில் பதிவது ஆழமாகிறது. ஆனால் எது ஆழமாகிறது? 2003-இல் லேரி கேஹில் குழுவினர் ஆட்களுக்குப் படங்களைக் காட்டி, அதன்பின் கையை ஐஸ் தண்ணீரில் வைக்கச் சொன்னார்கள். உணர்ச்சியைத் தூண்டும் படங்கள்தான் கூடுதலாக நினைவில் நின்றன. சாதாரணப் படங்களுக்கு எந்த லாபமும் இல்லை.

பாடப்புத்தகத்தின் பெரும்பகுதி சாதாரணப் படம் மாதிரிதான். வகுப்பில் மிரட்டினால் அந்த மிரட்டல் நன்றாகப் பதியும், மிரட்டியவர் முகமும் பதியும். சமன்பாடு பதியும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

மார்ச் 8

இன்று படித்தது மனதை விட்டுப் போகவே இல்லை. பெங்களூரில் சுமந்திரா சட்டர்ஜி குழுவினர் எலிகளைத் தினமும் 2 மணி நேரம் என 10 நாள் அசையவிடாமல் வைத்தார்கள். ஹிப்போகாம்பஸ் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின. அமிக்டலாவில் கிளைகள் வளர்ந்தன. நினைவைச் சேர்க்கும் இடம் மெலிய, பயத்தைச் சேர்க்கும் இடம் தடிக்கிறது! அதன்பின் 21 நாள் நிம்மதியாக விட்டதும் ஹிப்போகாம்பஸ் தேறிவிட்டது, அமிக்டலா தேறவில்லை.

எலியில் கண்டதை அப்படியே பிள்ளைகள் மேல் ஏற்றக் கூடாது என்பது தெரியும். ஆனாலும் வருடம் முழுக்க டென்ஷனிலேயே வைத்திருக்கும் பிள்ளைகளை நினைத்தால் கோபம் வருகிறது.

மார்ச் 9

தூக்கம் பற்றி ஒரு குறிப்பு மட்டும். இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் மிகக் குறைவு. பிளிஹாலும் போர்னும் 1999-இல் அந்த நேரத்தில் கார்டிசாலைச் செலுத்திப் பார்த்தார்கள்; மனப்பாடம் செய்த சொல் ஜோடிகள் வழக்கம்போல் வலுப்பெறவில்லை. பரீட்சைக்கு முந்தின இரவு பிள்ளையைத் திட்டித் தூங்க அனுப்பும் பெற்றோரிடம் இதைச் சொல்ல வேண்டும்.

மார்ச் 12

அந்த மாணவியிடம் பேசினேன். "அப்போ எனக்கு மூளை மந்தம் இல்லையா மிஸ்?" என்று கேட்டாள். இல்லை என்று அழுத்திச் சொன்னேன்.

வழியும் இருக்கிறது. 2016-இல் ஏமி ஸ்மித் குழுவினர் காட்டியது: திரும்பத் திரும்ப வாசித்தவர்களின் நினைவு மன அழுத்தத்தில் சரிந்தது, படித்ததை மூடிவைத்துவிட்டு, தாங்களே நினைவுக்குக் கொண்டுவந்து பழகியவர்களுக்குச் சரியவில்லை. நாளை முதல் வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் எல்லோரும் புத்தகத்தை மூடிவிட்டு, ஞாபகம் இருப்பதை எழுதப் போகிறார்கள். மதிப்பெண் கிடையாது, தாளை நான் வாங்கப்போவதும் இல்லை.