இட்லி குண்டானுக்கு வந்த ஏழரை

எங்களுக்குக் கொருக்குப்பேட்டையில் எவர்சில்வர் பட்டறை. அப்பா காலத்தில் மொத்த வியாபாரம் மட்டும்தான். குட்டியானையில் ஏற்றிப் பாரிமுனைக்கு அனுப்பினால் வேலை முடிந்தது. நான் ஆன்லைனில் விற்கத் தொடங்கி, தினம் நாற்பது ஆர்டர் வந்ததும் வீட்டு மாடியே குடோனாகிவிட்டது. இருப்பு, பேக்கிங், ரிட்டர்ன் எல்லாவற்றையும் ஒரு லாஜிஸ்டிக்ஸ் நிறுவனத்திடம் விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தோம்.

முதலில் ரேட் கார்டைப் பார்த்து மயங்கிக் கையெழுத்துப் போட்டேன். மாதக் கடைசியில் பில் வந்தது. இட்லி குண்டான் பெட்டியோடு சேர்த்து 2.8 கிலோ, பில்லில் 7.5 கிலோ. சண்டை போடத்தான் போனை எடுத்தேன், தப்பு என் பேரில். பெட்டி 35×35×30 செ.மீ. பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 7.35, அடுத்த அரைக் கிலோவுக்கு ஏற்றினால் ஏழரை. நிஜ எடை, இந்தக் கன எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. பாத்திரக்காரன் விற்பதில் பாதி காற்றுதானே! சனி என் குண்டானுக்குள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. அதுவே 4000-ஆல் வகுக்கிற ஆளாக இருந்தால் ஒன்பதரை. கேஷ் ஆன் டெலிவரி பணமும் இன்று நாளை என்று இழுத்தடித்ததில் மூன்றே மாதத்தில் வெளியே வந்தேன்.

இரண்டாவது முறை குடோன்களை நேரில் பார்க்கக் கிளம்பினேன்.

மணலிப் பக்கம் ஒன்று, வாடகை மலிவு. உள்ளே சுவரில் முழங்கால் உயரம் வரைக்கும் மட்டும் புதுப் பெயின்ட். கேட்டால், "மீதி இருந்துச்சு சார், அடிச்சோம்" என்றார் மேனேஜர். வெளியே டீக்கடையில் லோடுமேன் ஒருவர், "2023 டிசம்பர் புயல்ல தண்ணி நின்னுச்சுண்ணா. எடுத்தீங்கன்னா மேல் ரேக்கா கேளுங்க" என்றார். எவர்சில்வர் தாங்கும், அட்டைப்பெட்டி கூழாகிவிடும்.

மாதவரத்தில் ஏசி ரூமில் உட்காரவைத்துப் பெரிய திரையில் என்னென்னவோ காட்டினார்கள். ரிட்டர்ன் வந்த சரக்கு எங்கே என்றேன். ஒரு மூலையில் மிக்ஸி ஜாரும் புடவைக் கவரும் சீட்டுகூட இல்லாமல் குவிந்து கிடந்தன. அதோடு கிளம்பிவிட்டேன்.

செங்குன்றம் ஜிஎன்டி ரோட்டில் மூன்றாவது. கட்டடம் சுமார்தான், ஆனால் தளம் லாரி மட்டத்துக்கு உயர்ந்திருந்தது. ரிட்டர்னுக்குத் தனி மேஜை. "ஒடுக்கு விழுந்து வந்தா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று அங்கிருந்த சூப்பர்வைசர் அம்மாவிடம் கேட்டேன். ஒரு டம்ளரை எடுத்து மேஜையில் உருட்டினார். "நேரா ஓடினா ரேக்குக்குப் போகும் சார். தடுக்கித் தடுக்கி ஓடினா போட்டோ எடுத்துத் தனியா வெச்சிடுவோம்." ஆர்டருக்கு மூன்று ரூபாய் கூடுதல். போகட்டும் என்றிருந்தது.

ஒப்பந்தத்தில் இழுபறியானது மாதக் குறைந்தபட்சப் பில்தான். கல்யாணம் இல்லாத ஆடி, மார்கழியில் எங்களுக்கு வியாபாரமே இருக்காது. ஆடிக்கு விலக்குக் கொடுத்தார்கள், மார்கழிக்கு முடியாது என்றுவிட்டார்கள். அந்தக் குடோன் முகவரியை எங்கள் ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் வணிக இடமாகச் சேர்க்க அவர்களிடம் சம்மதக் கடிதமும் கரண்ட் பில் நகலும் வாங்கினோம். வெள்ளத்துக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ் எங்கள் பேரிலேயே எடுத்தோம். சரக்கு வீணானால் அவர்கள் தருவதற்கு ஒப்பந்தத்தில் ஒரு வரம்பு உண்டு. குண்டான் பெட்டிக்குள் டம்ளர், கிண்ணி எல்லாம் அடுக்கி செட்டாக விற்கிறோம். காற்றுக்குக் கொடுத்த காசு குறைந்தது.

சரக்கை முழுசாக மாற்றும் முன், சொந்தக்காரர்களுக்கு இருபது சோதனை ஆர்டர் அனுப்பி, எல்லாரையும் ரிட்டர்ன் போடச் சொன்னேன். பத்தொன்பது திரும்பி வந்தது, ஒன்றுகூடக் கணக்கில் தவறவில்லை. இருபதாவது மதுரை அத்தைக்குப் போனது. போன் பண்ணினால், "அதுல இட்லி ஊத்திட்டேன்டா" என்கிறார்.