அலுமினியத்துக்குக் கீழே ஒரு காலிக் கட்டம்

நேற்று ராத்திரி மகள் தனிம வரிசை அட்டவணையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, அந்த அட்டவணையை உருவாக்கிய ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் கதையைச் சொன்னேன்.

1869-ல் அவர் தனிமங்களை அணு எடைப்படி அடுக்கினார். குணம் ஒத்தவை ஒரே குடும்பமாக வரவேண்டும் என்று சில கட்டங்களைக் காலியாகவே விட்டார். என்ன துணிச்சல்! அலுமினியத்துக்குக் கீழே இருந்த காலிக் கட்டத்துக்கு ஏக அலுமினியம் என்று பெயர் வைத்து, அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 6 கிராமுக்குப் பக்கத்தில் இருக்கும் என்றும் எழுதிவிட்டார். 1875-ல் பிரான்சில் புவாபோத்ரான் என்ற வேதியியலாளர் அதைக் கண்டுபிடித்தார். அதுதான் காலியம். ஆனால் அவர் அளந்த அடர்த்தி 4.7. மெண்டலீவ் விடவில்லை, மாதிரியைச் சுத்தம் செய்து திரும்ப அளக்கச் சொன்னார். அளந்தால் 5.9! அந்த உலோகத்தை மெண்டலீவ் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

ஒரே குடும்பத்துத் தனிமங்களின் குணம் ஏன் ஒத்துப்போகிறது என்ற காரணம் ரொம்பப் பிற்பாடுதான் புரிந்தது. போரான், அலுமினியம், காலியம் மூன்றும் ஒரே குடும்பம்; மூன்றுக்கும் அணுவின் வெளிக்கூட்டில் 3 எலக்ட்ரான். அதனால்தான் ஆக்சிஜனோடு, தங்கள் அணு 2-க்கு ஆக்சிஜன் அணு 3 என்ற ஒரே கணக்கில் சேர்கின்றன.

அப்புறம், காலியம் 29.76 டிகிரி செல்சியஸிலேயே உருகும். உள்ளங்கையில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் வெள்ளிக் குழம்பாக ஓடும். இதைச் சொன்னதும் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்: "ஒரு துண்டு வாங்கலாமாப்பா?"