இரண்டு மாநிலம், ஒரே ஆங்கிலம்

சேத்தன் பகத் 2009இல் வெளியிட்ட '2 ஸ்டேட்ஸ்' நாவலை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் உறவுக்காரப் பிள்ளைகள் பலர் படித்திருக்கிறார்கள். 2014இல் அது இந்திப் படமாக வந்த பிறகு கேட்கவே வேண்டாம். பஞ்சாபிப் பையன் கிரிஷ், மயிலாப்பூர்த் தமிழ்ப் பிராமணப் பெண் அனன்யா, அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் அரும்பும் காதல், இரு வீட்டாரும் மனமுவந்து சம்மதித்தால்தான் கல்யாணம் என்ற பிடிவாதம் என்று கதைக்களம் அருமையானது. ஓடிப்போய்த் தாலி கட்டிக்கொள்வதைவிடப் பெற்றவர்களின் மனத்தைக் கரைப்பது கடினம் என்பது அறிந்தவர் எடுத்த களம் இது. அதனாலேயே என் ஏமாற்றமும் பெரிது.

சென்னைக் கிளையில் வேலை வாங்கிக்கொண்டு வரும் கிரிஷ், அனன்யாவின் தம்பிக்கு ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குப் பாடம் சொல்லித் தருகிறான். அவள் அப்பாவுக்கு அலுவலகத்தில் காட்டுவதற்கான பவர்பாயிண்ட் தயாரிக்க உதவுகிறான். சங்கீதத்தில் ஏங்கிக் கிடந்த அம்மாவை, தன் வங்கி நடத்தும் கச்சேரியில் எஸ்.பி. பாலசுப்ரமணியமும் ஹரிஹரனும் பாடும் மேடையில் ஏற்றிவிடுகிறான். ஆளுக்கொரு உதவி, ஆளுக்கொரு சம்மதம். டெல்லியிலும் இதே கணக்குதான்: மாப்பிள்ளை வீட்டார் வரதட்சணையாகப் பெரிய கார் கேட்டு நிற்கும் கல்யாணத்தில் அனன்யா துணிந்து பேசிக் காரியத்தைக் காப்பாற்ற, பஞ்சாபி உறவுகள் இளகிவிடுகின்றன. காரியக்காரப் பிள்ளை என்று மெச்சுவதும், நம் வீட்டுப் பிள்ளை என்று ஏற்றுக்கொள்வதும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைத்தான் ஒரு நாவல் எழுதிக் காட்டியிருக்க வேண்டும்.

என்னை மிகவும் வருத்தியது வேறோர் இடம். சென்னையின் பெயர்ப்பலகைகளைப் பார்க்கும் நாயகனுக்குத் தமிழ் எழுத்து தலைவலி தரும் புதிர்ப் படமாகத் தெரிகிறது. புதிதாக வந்தவன் அப்படி நினைப்பதில் தவறில்லை. ஆனால் அத்தனை மாதம் அந்த ஊரில் இருந்து, அந்த வீட்டுப் பெண்ணையே மணக்கப் போகிறவனுக்கு, அந்த எழுத்தில் ஒன்றையாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை கதையில் எங்கும் துளிர்க்கவில்லை. இங்கே கோயில் மண்டபத்து வகுப்பில், பேரன் பேத்தி எடுத்தவர்கள் கோடு போட்ட நோட்டில் 'ழ'வின் சுழியை அழித்து அழித்து எழுதுவதைப் பார்க்கிறவள் நான். 1860 நவம்பரில் மதராசிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளோடு 'ட்ரூரோ' கப்பல் இங்கே வந்து சேர்ந்ததிலிருந்து கரும்புத் தோட்டங்களில் பிழைத்து, பிறகு பேச்சிலிருந்தே நழுவிவிட்ட மொழி அது. அந்தப் புதிர்ப் பட ஒப்பீட்டை நாவல் வெறும் சிரிப்புக்காக வீசிவிட்டு நகர்ந்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சாதியை நாவல் ஏறக்குறைய தொடுவதே இல்லை. இருவருமே ஆங்கிலத்தில் சிந்திக்கும், நல்ல சம்பளம் வாங்கும் மேல்தட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு நடுவே நிற்பவை உணவும் தோல் நிறமும் பெரியவர்களின் முகச்சுளிப்பும் மட்டும்தான்.

வேறு மொழிக் குடும்பத்தில் வாழ்க்கைப்படுவது எப்படி இருக்கும் என்பதை என் சித்தியிடம் பார்த்திருக்கிறேன். டர்பனில் இந்தியர் மிகுந்து வாழும் சாட்ஸ்வொர்த்தில், கல்கத்தா வழியாக வந்த இந்திக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர் அவர். நமக்குத் தீபாவளி சதுர்த்தசி விடியற்காலை எண்ணெய்க் குளியல். அவர்களுக்கு அமாவாசை மாலை லட்சுமி பூசையும் விளக்கும். சில ஆண்டுகளில் இவை அடுத்தடுத்த இரண்டு நாள்களில் வந்துவிடும், எந்த நாள் சரியான நாள் என்று ஊரே வாதாடும். சித்தி விடியுமுன் எழுந்து நல்லெண்ணெய் காய்ச்சித் தன் பிள்ளைகளின் தலையில் வைத்துவிட்டு, அடுத்த நாள் மாலை மாமியாரோடு உட்கார்ந்து அகல் விளக்குகளுக்குத் திரி திரிப்பார். முதல் சில ஆண்டுகள் அந்த அம்மாள் குளியலறைப் பக்கமே வரமாட்டாராம். பிறகு ஒரு விடியலில் தாமே வந்து, "எனக்கும் கொஞ்சம் வை, மகளே" என்று தலையைக் குனிந்து கொடுத்தாராம். அதற்கு முன் அவருக்குச் சித்தி எந்தப் பெரிய உபகாரமும் செய்துவிடவில்லை. தன் வழக்கத்தை விடாமல் அவருடைய வழக்கத்திலும் கூட உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

இந்த மண்ணில் கல்யாணம் என்பது விளையாட்டான சங்கதியாக இருந்ததில்லை. 1913இல் நீதிபதி சர்ல் அளித்த தீர்ப்பு, கிறித்தவ முறைப்படி நடக்காத திருமணங்களைச் சட்டத்தின் முன் செல்லாதவையாக்கியது; அதை எதிர்த்துச் சிறை சென்ற பெண்களில் தமிழச்சிகள் பலர். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் இறந்தார். 1949 முதல் 1985 வரை வெள்ளையருக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான திருமணத்தை இன்னொரு சட்டம் தடுத்தது. அந்த நினைவுகளோடு வளர்ந்த எனக்கு, பெற்றோரின் சம்மதத்தைத் தேர்வு மதிப்பெண்போல் அடுக்கிச் செல்லும் கதை பசியாற்றவில்லை.

ஒன்றை மட்டும் மனமாரப் பாராட்டுகிறேன். மகனோடு பேச்சே இல்லாமல் முறைத்துக்கொண்டிருந்த கிரிஷின் அப்பா, யாரிடமும் சொல்லாமல் தனியாகச் சென்னைக்குப் போய், முறிந்துபோன சம்பந்தத்துக்காக அனன்யாவின் பெற்றோரிடம் பேசிவிட்டு வருகிறார். முரட்டு மனிதர் ஒருவர் தம் கௌரவத்தை இறக்கி வைத்துவிட்டு அந்நிய வீட்டுக் கூடத்தில் என்ன பேசினார், எந்த மொழியில் தடுமாறினார், அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதை ஆசிரியர் விரித்து எழுதியிருந்தால், மற்ற அத்தியாயங்களை நான் மன்னித்திருப்பேன்.