புள்ளி எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? .22 பிஸ்டல் ரெட் டாட் நாட்குறிப்பு

மார்ச் 2

அமெரிக்க புல்ஸ்ஐ போட்டியில் (பிஸ்டலால் வட்ட அட்டையைச் சுடுவது) 2700 மதிப்பெண்ணுக்கான ஆட்டத்தில் .22 அங்குலப் பிஸ்டலுக்கு மட்டும் 90 குண்டுகள். 50 கஜத்தில் பத்து குண்டுக்குப் பத்து நிமிடம். 25 கஜத்தில் ஐந்து குண்டுக்கு 20 நொடி, அடுத்து ஐந்துக்கு 10 நொடி. நிதானத்துக்கும் வேகத்துக்கும் ஒரே ரெட் டாட், அதாவது கண்ணாடியில் சிவப்பு ஒளிப்புள்ளி காட்டும் குறிபார்க்கும் கருவி, ஈடுகொடுக்க வேண்டும். ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) பிஸ்டல் போட்டிகளில் திறந்த குறிக்கு, அதாவது கண்ணாடியில்லாத சாதாரண முன்குறி-பின்குறிக்கு, மட்டுமே இடம் உண்டு. அங்கே சுடுகிறவர்கள் இதற்குக் காசு போட வேண்டாம்.

மார்ச் 4

முதலில் புள்ளியின் அளவு. அதை எம்ஓஏ என்ற கோண அளவில் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) சொல்வார்கள். 1 எம்ஓஏ என்பது 100 கஜத்தில் 1.047 அங்குலம், 50 கஜத்தில் அரை அங்குலத்துக்குச் சற்று மேல். 50 கஜ அட்டையில் பத்து வளையத்தின் விட்டம் 3.36 அங்குலம், அதன் நடுவிலுள்ள எக்ஸ் வளையம் 1.695. 3 எம்ஓஏ புள்ளி அங்கே 1.57 அங்குலத்தை மறைக்கும், கிட்டத்தட்ட எக்ஸ் அளவு. 6 எம்ஓஏ 3.14 அங்குலம், பத்து வளையத்தைக் கிட்டத்தட்ட மூடிவிடும்.

சின்னப் புள்ளிதான் துல்லியம் என்று எண்ணத் தோன்றும். கை ஆடும் அளவு இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் சின்னப் புள்ளியின் பருமனோடு ஒப்பிட்டால் அந்த ஆட்டம் பெரிதாகத் தெரிகிறது. புள்ளி நடுவைக் கடக்கும் கணத்தைப் பிடிக்க விரல் ட்ரிகரை வெடுக்கென்று இழுத்துவிடும், குண்டு எட்டு வளையத்துக்குப் போகும். கை இன்னும் பழகாதவருக்கு 6 நல்லது, அது அமைதியாக மிதப்பதுபோல் தெரியும். அல்ட்ராடாட் மேட்ச்டாட் என்ற ரெட் டாட்டில் புள்ளியை 2, 4, 6, 8 எம்ஓஏ என்று மாற்றிக்கொள்ளலாம். இந்த வேலைக்கு அந்த வசதி வேறு எதையும்விட உதவும்.

மார்ச் 5

ரெட் டாட் குழாய் வகையா, திறந்த கண்ணாடி வகையா? திறந்த வகை எடை குறைவு, துளையச்சுக்கு (குழல் துளையின் நடுக்கோடு) அருகில் உட்காரும். ஆனால் .22 வெடிமருந்துப் புகையும் ஈயத் துகளும் எல்.இ.டி. இருக்கும் குழியில் படியும். புள்ளி மங்கினாலோ ஓரம் கிழிந்ததுபோல் தெரிந்தாலோ, பழுது என்று முடிவுகட்டுமுன் பஞ்சுக்குச்சியால் துடைத்துப் பார்க்க வேண்டும். மழையில் அந்தக் குழியில் ஒரு சொட்டு நின்றாலே போதும், புள்ளி காணாமல் போகும். குழாய் வகையில் ஒளிமூலம் மூடியிருக்கும், குழாயின் விளிம்பு கண்ணை நடுவில் வைக்கவும் உதவும்.

பேட்டரி எங்கே என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. அடியில் இருந்தால் மாற்றும்போதெல்லாம் கழற்ற வேண்டும், ஜீரோவை (புள்ளி காட்டும் இடத்தில் குண்டு விழும்படி செய்த அமைப்பு) திரும்பச் சரிபார்க்க வேண்டும். வோர்டெக்ஸ் வெனம் என்ற ரெட் டாட்டில் மேலிருந்தே மாற்றலாம்.

மார்ச் 8

பொருத்துவது. மேகசின் வெளியே, சேம்பர் (குழலில் தோட்டா அமரும் இடம்) காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே கையில் கருவி எடுக்கலாம்.

ரூகர் மார்க் 4 டார்கெட் பிஸ்டலில் போல்ட் (தோட்டாவைப் பின்னிருந்து அடைக்கும் பாகம்) மட்டும் உள்ளே ஓடும், ரிசீவர் (அதன் வெளிக்கூடு) அசையாது. ஸ்மித் & வெஸ்ஸன் மாடல் 41இல் பின்குறி தாங்கும் மேற்பட்டை பேரலோடு சேர்ந்தது, ஸ்லைடு அதன் அடியில் ஓடும். இப்படி அசையாத பாகத்தில் ரெட் டாட் அமர்ந்தால் ஒவ்வொரு குண்டுக்கும் தடதடவென்று அடிபடாது.

திருகுத் துளைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் எண்ணெய் போகத் துடைத்து, திருகு தளராமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் ஒரு சிறு பொட்டு. திருகு நீளமாக இருந்தால் உள்ளே நீட்டி போல்ட்டை உரசும். முடுக்கியதும் போல்ட்டைக் கையால் மெல்ல இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பிஸ்டலின் மேலுள்ள பள்ளம் வெட்டிய பட்டையான ரெயிலில் மவுன்ட்டை (ரெட் டாட்டைத் தாங்கும் பிடி) வைத்து, அதன் குறுக்குத் திருகு ரெயில் பள்ளத்தின் முன்சுவரில் முட்டும்வரை முன்னே தள்ளிப் பிடித்தபடி முடுக்க வேண்டும். பிஸ்டல் பின்னால் உதைக்கையில் ரெட் டாட் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும், அதாவது ரெயிலில் முன்னோக்கி நழுவும். முன்பே முட்டியிருந்தால் நழுவ இடமில்லை. குண்டுக்கூட்டம் நாளுக்கு நாள் இடம் மாறுவதற்கு இந்த நழுவல்தான் பல வேளை காரணம்.

மார்ச் 9

புள்ளி நட்சத்திரமாகவோ வால்முளைத்ததாகவோ தெரிந்தால் ரெட் டாட்டைச் சுழற்றிப் பார்க்கவும். வடிவமும் சேர்ந்து சுழன்றால் கோளாறு கருவியில். அப்படியே நின்றால் கண்ணில் ஆஸ்டிக்மாடிசம் (பார்வைக் குறை), கண் மருத்துவரிடம் போவதே வழி. ஒளியை மிகவும் கூட்டினாலும் புள்ளி பூத்துப் பெருக்கும், 3 என்பது 6போல் ஆகிவிடும். கருப்பு வட்டத்தின் மேல் தெளிவாகத் தெரிவதற்கு வேண்டிய மிகக் குறைந்த ஒளி போதும்.

மார்ச் 15

ஜீரோ. மேசையில் மணல்பை, பத்து குண்டுக் கூட்டத்தின் நடுவைப் பார்த்துத்தான் ரெட் டாட்டின் சரிசெய்யும் திருகைத் திருப்ப வேண்டும். மூன்று குண்டை நம்பினால் சிதறலைத் துரத்திக்கொண்டிருப்போம். அந்தத் திருகின் ஒரு படி, அதாவது ஒரு கிளிக், 1 எம்ஓஏ என்றால் 50 கஜத்தில் அரை அங்குலம்.

50 கஜத்தில் ஜீரோ வைத்துவிட்டு 25க்கு வந்தால் குண்டு மேலே போகும். புள்ளி துளையச்சுக்கு ஒன்றரை அங்குலம் மேலே, குண்டு வேகம் நொடிக்கு சுமார் 950 அடி என்று கணக்கிட்டால் அரை அங்குலத்தை ஒட்டி வரும். கிட்டத்தட்ட இரண்டு கிளிக் கீழே. உங்கள் பிஸ்டலில் சுட்டுப் பார்த்து, எண்ணை பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். தோட்டா லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறினால் இரண்டு தூரத்துக்கும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.