ஒருமுறை நடந்தது, பலமுறை நடந்தது

வேற்றுக்கிரகங்களில் அறிவுள்ள உயிர் உண்டா என்று பேசத் தொடங்கினால், பேச்சு சீக்கிரமே கடவுளிடம் வந்து நிற்கும். பரிணாமம் மனிதனை நோக்கியே நகர்ந்தது என்பார் ஒருவர். எல்லாம் தற்செயல் என்பார் மற்றவர். பூமியில் எந்தப் படி பலமுறை நடந்தது, எது ஒருமுறைதான் நடந்தது என்ற கணக்கை இருவருமே பார்ப்பதில்லை.

கண் பலமுறை தோன்றியது. நம் கண்ணிலும் ஆக்டோபஸின் கண்ணிலும் லென்ஸும் விழித்திரையும் உண்டு. ஆனாலும் அவை தனித்தனியே உருவானவை. நம் விழித்திரையின் நரம்புகள் ஒளி வரும் பக்கமாக ஓடி வெளியேறுவதால் அங்கே குருட்டுப் புள்ளி விழுகிறது. ஆக்டோபஸுக்கு அது கிடையாது. பலசெல் உடலும் விலங்கு, தாவரம், பூஞ்சை, பழுப்புப் பாசி எனத் தனித்தனியே வந்தது. செல்லுக்கு ஆற்றல் தரும் உள்ளுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவைக் கொண்ட செல் மட்டும் ஒரே முறைதான். அதற்காக அது அரிது என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. முதலில் வந்தது இடத்தைப் பிடித்துக்கொண்டதால் பின்னால் வந்தவை பிழைக்காமல் போயிருக்கலாம்.

ஒருமுறை நடந்தது உண்மையிலேயே அரிதா என்று சோதிக்க உதவியவர் அமெரிக்க உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி. 1988இல் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவை 12 குடுவைகளில் வளர்க்கத் தொடங்கினார். தினமும் நூறில் ஒரு பங்கு புதிய ஊடகத்துக்கு, அதாவது உணவுக் கரைசலுக்கு, மாற்றப்படும். 500 தலைமுறைக்கு ஒருமுறை மாதிரி உறைய வைக்கப்படும். ஊடகத்தில் குளுக்கோஸ் குறைவு, சிட்ரேட் அதிகம். ஆக்ஸிஜன் இருக்கையில் ஈ.கோலையால் சிட்ரேட்டை உண்ண முடியாது. ஏறக்குறைய 31,500ஆம் தலைமுறையில் ஒரே ஒரு குடுவையில் அந்தத் திறன் வந்தது. உறைந்த மாதிரிகளை மறுபடி வளர்த்தபோது, 20,000ஆம் தலைமுறையிலோ அதற்குப் பின்னரோ எடுத்தவற்றில் மட்டுமே அது திரும்ப வந்தது. முன்பே நேர்ந்த ஏதோ ஒரு மாற்றம் இருந்தால்தான் இந்தத் திறன் வந்தது என்பதால், தற்செயலுக்கு இது வலுவான சாட்சி. ஆனால் 2016இல் வெளியான இன்னொரு ஆய்வில், சிட்ரேட்டை நம்பியே வாழும்படி நெருக்கியபோது 100 தலைமுறைக்குள்ளேயே அதே திறன் வந்துவிட்டது. ஆக, அரிதா இல்லையா என்பதைச் சூழலும் தீர்மானிக்கிறது. பிற கிரகங்களைப் பற்றி ஒரே எண்ணைச் சொல்லும் கணிப்புகளை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

தெய்வச் சித்தம்? வைரஸை எதிர்க்கும் மரபு மாற்றம் வைரஸைச் சந்திக்கும் முன்பே பாக்டீரியாவில் நேர்ந்துவிடுகிறது என்று 1943இல் லூரியா, டெல்ப்ரூக் என்ற இரு விஞ்ஞானிகள் காட்டினார்கள். தேவை அறிந்து மாற்றம் வருவதில்லை. இயற்கை விதிகளுக்குப் பின்னால் ஒரு சித்தம் உண்டா என்பதை இந்தச் சோதனை தொடவே இல்லை. மனிதனை மையத்தில் வைத்தால்தான் பக்தி என்றும் இல்லை: பல உலகங்களைப் படைக்கக் கடவுளால் இயலாது என்ற கூற்றை 1277லேயே பாரிஸ் பிஷப் கண்டித்துத் தள்ளினார்.

கணக்கை மாற்றக்கூடியது இரண்டாவது உயிர்த்தோற்றம். புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்கள், இடக்கையும் வலக்கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களில் இருக்கும்; பூமியின் உயிர்கள் புரதம் கட்ட இடக்கை வடிவத்தையே பயன்படுத்துகின்றன. செவ்வாயிலோ சனிக்கோளின் துணைக்கோளான என்செலடஸின் பனிக்கடியிலோ வலக்கை அமிலங்களால் ஆன உயிர் கிடைத்தால், அது தனியே தோன்றியது எனலாம். அதே இடக்கை, அதே மரபுக் குறியீடு என்றால் சந்தேகம் வரும். செவ்வாயிலிருந்து பெயர்ந்த கற்கள் பூமியில் விழுந்திருக்கின்றன, அவற்றோடு உயிரும் பயணித்திருக்கலாம்.