ஸ்டாப் மோஷன் பொம்மை: பாதத்திலிருந்து தொடங்குங்கள்

பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் படமெடுத்து, அது அசைவதுபோலக் காட்டுவதுதான் ஸ்டாப் மோஷன். அனிமேஷன் செய்முறைத் தேர்வுக்கு அதற்கான பொம்மை செய்யும் மாணவர்கள் முகத்தை அழகாக்குவதிலேயே பாதி நாளைக் கழித்துவிடுகிறார்கள். படமெடுக்கும்போது காலை வாருவது பாதமும் மூட்டும்தான். திரையில் வினாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது தனிப்படங்கள், ஓடும். ஒரு நிலையை இரண்டு ஃப்ரேமுக்கு வைத்தாலும் 10 வினாடிக் காட்சிக்கு 120 படங்கள் வேண்டும். அத்தனைக்கும் பொம்மை வைத்த இடத்தில் நிற்க வேண்டும்.

உயரம் 20 செ.மீ. போதும். அதே அளவில் தாளில் உருவத்தை வரைந்து மூட்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே எலும்புக்கூடாக இருக்க அலுமினியக் கம்பிதான் ஏற்றது. இரும்புக் கம்பி வளைத்த இடத்தில் நிற்காமல் திமிறும். காலுக்கும் முதுகுக்கும் 1.5 மி.மீ. கம்பியில் மூன்று இழை, கைக்கு 1 மி.மீ. கம்பியில் இரண்டு இழை. முறுக்கினால் நீளம் குறையும், சற்றுக் கூடுதலாகவே வெட்டுங்கள். டிரில்லில் மாட்டி மெதுவாக முறுக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் கம்பி அப்போதே விறைத்து, பிறகு சீக்கிரம் ஒடியும்.

மூட்டுக்கு மூட்டு இடைப்பட்ட பகுதியில் எபாக்ஸி புட்டி (இரண்டு பாகங்களைப் பிசைந்ததும் கெட்டியாக இறுகும் பசை) பூசுங்கள். மூட்டில் 8 முதல் 10 மி.மீ. கம்பி வெறுமையாக இருக்கட்டும். இந்த இடைவெளி மிகக் குறுகினால் வளைவு முழுவதும் ஒரே புள்ளியில் விழும். முழங்கையும் மணிக்கட்டும் முதலில் உடைவது இதனால்தான். கைகளை மட்டுமாவது கழற்றி மாட்டும்படி செய்து, உபரியாக ஒரு ஜோடி வைத்திருங்கள். படப்பிடிப்பின் நடுவே தோளைப் பிளந்து கம்பி மாற்றினால், பழைய நிலை அப்படியே திரும்பக் கிடைக்காது.

ஒவ்வொரு பாதத்திலும் 3 மி.மீ. நட் ஒன்றைப் புட்டியில் பதியுங்கள். மேடைப் பலகையில் துளையிட்டு அடியிலிருந்து போல்ட்டால் முடுக்கினால், ஒற்றைக் காலிலும் பொம்மை நிற்கும். புட்டி இறுகும்வரை நட்டுக்குள் எண்ணெய் தடவிய போல்ட்டைச் செருகி வையுங்கள், மரை அடைபடாது.

உடம்புக்கு மெல்லிய ஃபோம். உடைக்கு இழை நெருங்கிய மெல்லிய துணி. தளர்ந்த துணி விரல் பட்டபடியெல்லாம் மடிந்து திரையில் துடிக்கும். தலை கனமாக இருக்கக் கூடாது. தெர்மகோல் உருண்டைமேல் மெல்லிய களிமண் பூச்சு போதும்.

ஆடை போடுமுன் ஒரு காலை மட்டும் முடுக்கி, மற்றதைத் தூக்கி, அரைமணி நேரம் விட்டுப் பாருங்கள். சாய்ந்தால் தலையின் எடையைக் குறையுங்கள், அல்லது கணுக்காலில் ஓர் இழை கூட்டுங்கள்.